ராயல் ஓக்கா, ஓவர்சீஸா? ஒரே ஒரு கடிகாரம் வாங்குபவருக்கு எது பொருந்தும்?

கேள்வி: அரைநொடி

வணக்கம். இரண்டு கைக்கடிகாரங்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். இவற்றை நெடுநாள் அணிந்தவர்களும், பின்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர்களும் இங்கே இருப்பதால் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

ஒன்று, ஓடெமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக், 41 மி.மீ., எஃகு, நீல டயல், 15510 என்ற எண்ணுடையது. மற்றொன்று, வாஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனத்தின் ஓவர்சீஸ். அதுவும் 41 மி.மீ., எஃகு, நீல டயல், மூன்று முள்ளும் தேதியும் மட்டுமே கொண்ட தானியங்கி மாடல். இரண்டு இடங்களிலும் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்று கிடைப்பதற்கே வெகுகாலம் ஆகும் என்று நினைத்திருந்த நிலையில், இரண்டுமே அடுத்தடுத்துக் கைக்கு எட்டும் வாய்ப்பு வந்திருக்கிறது. இரண்டையும் வாங்கும் வசதி எனக்கு இல்லை. இருந்தாலும் வாங்க மாட்டேன். கடிகாரங்களைச் சேர்த்து வைப்பதில் எனக்கு ஈடுபாடு கிடையாது. ஒன்றை வாங்கி, அதையே வேலை நாளிலும் விடுமுறையிலும் விசேஷ வீட்டிலும் அணிந்து, பிறகு என் மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே எண்ணம்.

என் பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் மடிக்கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. மணிக்கட்டு மேசை விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். வார இறுதியில் நீச்சல் குளத்துக்குப் போவேன், அப்போது கடிகாரத்தைக் கழற்றி வைப்பது எனக்குப் பிடிக்காது. மணிக்கட்டு சற்று மெலிந்தது. வெயில் காலத்தில் கை வீங்கி, காலையில் சரியாக இருந்த பிரேஸ்லெட் மாலையில் இறுக்கிப் பிடிக்கும்.

இரண்டையும் அணிந்து பார்த்தேன். ராயல் ஓக்கைக் கையில் கட்டியதும் கண் அதை விட்டு அகலவில்லை. ஓவர்சீஸைக் கட்டியபோது அத்தகைய அதிர்வு எதுவும் ஏற்படவில்லை. ஆனால் சற்று நேரத்தில் அது கையில் இருப்பதே மறந்துபோனது. இந்த இரண்டில் எதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து எது அதிகம் தேய்ந்து தெரியும், உள்ளே இருந்து கடிகாரத்தை ஓட்டும் இயந்திரமான மூவ்மென்ட்டில் உண்மையான வேறுபாடு என்ன, ராயல் ஓக் போல நீர் புகாத அளவு 50 மீட்டர் என்று குறிப்பிடப்பட்ட கடிகாரத்துடன் நீந்தலாமா ஆகியவற்றை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். மறுவிற்பனை மதிப்பைப் பற்றி எனக்கு அவ்வளவாக அக்கறை இல்லை.

மறுமொழி: எண்கோணம்

நண்பருக்கு வணக்கம். நான் ராயல் ஓக் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுவதை அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1972இல் பாசல் கண்காட்சியில் இந்தக் கடிகாரம் வைக்கப்பட்டபோது, எஃகில் செய்த ஒன்றைத் தங்கக் கடிகாரத்தையும் விஞ்சிய விலைக்கு விற்க முனைந்ததைப் பலர் பைத்தியக்காரத்தனம் என்றே கருதினார்கள். அன்றைய அளவுகளுக்கு 39 மி.மீ. என்பது மிகப் பெரிது. ‘ஜம்போ’ என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. வடிவமைத்தவர் ஜெரால்ட் ஜென்டா. நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஜார்ஜ் கோலே ஒரு மாலை தொலைபேசியில் கேட்க, மறுநாள் காலைக்குள் வரைந்து முடித்துவிட்டதாக ஜென்டா பிற்காலத்தில் சொல்லிவந்தார். சிறு வயதில், நீரில் மூழ்கி வேலை செய்பவரின் தலைக்கவசத்தைத் திருகாணிகளால் இறுக்குவதைப் பார்த்த நினைவே, கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் என்ற வளையத்தின் எண்கோணத்துக்கு மூலம் என்றும் சொன்னார். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ தெரியாது. ஆனால் பெட்டி (மூவ்மென்ட்டை அடக்கிய உலோக உடல்), பெசல், பிரேஸ்லெட் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாகங்களாக அல்லாமல் ஒரே உருவமாக வரைந்த அந்தச் செயல், அதற்குப் பின்வந்த இந்த வகைக் கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் இலக்கணமாகிவிட்டது. 1976இல் பாடெக் ஃபிலிப் நிறுவனத்துக்காக நாட்டிலஸை வரைந்தவரும் அதே ஜென்டாதான். 1977இல் வாஷெரோன் தன் 222ஆம் ஆண்டை ஒட்டி ‘222’ என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அதையும் ஜென்டாவின் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது யோர்க் ஹைசெக் என்ற இளைஞர் வரைந்தது. அந்த 222இன் வழியில் 1996இல் வந்ததுதான் ஓவர்சீஸ்.

வரலாற்றுக்காக மட்டும் ஒருவர் கடிகாரம் வாங்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே பொருளையே பாருங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ராயல் ஓக்கின் பெசலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல்பரப்பு நேர்கோடுகளாக மங்கலாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அதன் ஓரத்தில் ஓடும் சாய்விளிம்பு கண்ணாடியாகப் பளபளக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போலக் கூர்மையாக இருக்கும். கையை மெல்லச் சாய்த்தால் எட்டுப் பக்கங்களில் ஒன்று மட்டும் சுடர்விட்டு அணைந்து, அடுத்தது சுடரும். பிரேஸ்லெட்டின் ஒவ்வொரு கண்ணியிலும் இதே வேலை திரும்பச் செய்யப்பட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து கொக்கியை நோக்கிப் போகப் போக ஒவ்வொரு கண்ணியும் முந்தையதைவிட ஒடுங்குகிறது. டயலில் சிறு சதுரங்களாக எழும் ‘டாப்பிசெரி’ வேலைப்பாட்டை அச்சுக் குத்தி எடுப்பதில்லை, பழைய காலத்து நகல்செதுக்கு இயந்திரத்தில் செதுக்கி எடுக்கிறார்கள்.

15510 என்பது 2022இல், ஐம்பதாம் ஆண்டில் வந்த திருத்தம். பெட்டியின் சாய்விளிம்புகளை அகலமாக்கி, பிரேஸ்லெட்டை மெலிய வைத்தார்கள். உள்ளே 4302 மூவ்மென்ட், 32 மி.மீ. விட்டமுடையது, முழுச் சாவியில் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்துவிட்டுத் திங்கள் காலை எடுத்தாலும் நேரம் காட்டிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு தலைமுறை முன்னிருந்த 15400இல் பழைய, சிறிய மூவ்மென்ட்டைப் பெரிய பெட்டியில் வைத்திருந்ததால், தேதிச் சாளரம் டயலின் நடுவை நோக்கித் தள்ளி நின்று கண்ணை உறுத்தும். இப்போது அந்தக் குறை இல்லை.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜென்டா வரைந்த விகிதம் 41 மி.மீ. மாடலில் இல்லை. அது 39 மி.மீ. அகலமும் 8.1 மி.மீ. தடிமனும் கொண்ட 16202இல்தான் இருக்கிறது. அதில் நொடிமுள் கிடையாது, அது எளிதில் கிடைப்பதும் இல்லை. உங்கள் மணிக்கட்டு மெலிந்தது என்கிறீர்கள். அப்படியானால் 37 மி.மீ. மாடலையும் ஒரு முறை கட்டிப் பாருங்கள். ராயல் ஓக்கின் அளவு எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, எண் சொல்வதைவிட அது எப்போதும் பெரிதாகவே கையில் உட்காரும். கண் அகலவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

மறுமொழி: காற்றுத்திசை

எண்கோணம் எழுதியதில் வரலாறு பற்றி மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர் ஒரு கடிகாரத்தை மட்டுமே வைத்துக்கொள்ளப் போகிறவர். அதுவும் மேசையிலும் குளத்திலும் வெயிலிலும். அந்தக் கோணத்தில் பார்த்தால் எனக்கு விடை வேறாகத் தெரிகிறது. நான் பல ஆண்டுகளாக ஓவர்சீஸ் அணிகிறேன்.

2016இல் இந்த வரிசையை முழுக்க மாற்றியமைத்தபோது வாஷெரோன் செய்த மிகப் பெரிய வேலை, பட்டையை மாற்றும் முறைதான். பெட்டியோடு இணையும் இடத்தில், பட்டையின் அடிப்புறத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. நகத்தால் அதை அழுத்தி இழுத்தால் எஃகு பிரேஸ்லெட் கழன்று கைக்கு வந்துவிடும். ரப்பர் ஸ்ட்ராப்பை அங்கே வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். கருவி எதுவும் தேவையில்லை, பெட்டியில் கீறல் விழும் அச்சமும் இல்லை. எஃகு, தோல், ரப்பர் ஆகிய மூன்றும் கடிகாரத்துடனேயே வருகின்றன. கேட்பதற்கு இது விளம்பர வசனம் போல இருக்கலாம். ஆனால் நான் நீந்தப் போகும்போது ரப்பர், திருமண வீட்டுக்குத் தோல், மற்ற நாள்களில் எஃகு என்று மாற்றிக்கொள்வதால் உலோகப் பட்டைக்கு வரும் கீறல்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. கேட்டவர் சொன்ன மாலை நேர வீக்கத்துக்கும் கொக்கியிலேயே வழி இருக்கிறது; சற்றே தளர்த்தி விட்டுக்கொள்ளலாம். ராயல் ஓக்கில் கண்ணியைக் கூட்டுவது குறைப்பது தவிர வேறு வழி கிடையாது, அதை நாளின் நடுவில் யாரும் செய்ய முடியாது.

நீரைப் பொறுத்தவரை ஓவர்சீஸ் 150 மீட்டர் அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது. மூவ்மென்ட்டைச் சுற்றி மென்னிரும்பு வளையம் ஒன்று வைத்திருப்பதால் காந்தப் புலத்திலிருந்தும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. உள்ளே இருப்பது 5100 மூவ்மென்ட். 60 மணி நேரம் ஓடும், அதாவது ராயல் ஓக்கைவிடப் பத்து மணி நேரம் குறைவு. பின்புறக் கண்ணாடி வழியே பார்த்தால் கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் 22 காரட் தங்கச் சுழலியில் காற்றுத்திசை வரைபடம் செதுக்கப்பட்டிருக்கும். என் பெயருக்கான காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஜெனீவா முத்திரை. 1886 முதல் இருந்துவரும் அந்த முத்திரையை நிறுவனம் தனக்குத் தானே குத்திக்கொள்ள முடியாது. வெளி அமைப்பு ஒன்று பார்த்து வழங்குகிறது. மூவ்மென்ட்டில் சக்கரங்களைத் தாங்கும் தகடுகளான பாலங்களின் ஓரங்கள் சாய்வாகச் சீவி மெருகேற்றப்பட்டிருக்க வேண்டும், திருகுத் தலைகள் மெருகேற்றப்பட்டிருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் மறையும் பாகங்களும் அதே தரத்தில் இருக்க வேண்டும் என்பவை அதன் விதிகள். துல்லியத்துக்கான நிபந்தனை ஏழு நாளில் ஒரு நிமிடத்துக்குள் இருப்பது. அது ஒன்றும் கடுமையானதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவற்றைவிடப் பல மடங்கு மலிவான கடிகாரங்கள் இதனினும் துல்லியமாக ஓடுகின்றன. ஜெனீவா முத்திரை வேலைப்பாட்டுக்கான சான்று. துல்லியத்தை எதிர்பார்த்து அதை வாங்குபவர் ஏமாறுவார்.

குறை இல்லையா என்றால் உண்டு. பெசலின் வடிவம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. மால்டாச் சிலுவையை நினைவூட்டும் அந்த வெட்டுகள் முன்பு எட்டாக இருந்தன, 2016இல் ஆறாகக் குறைத்தார்கள். அதன் பிறகு நன்றாக இருக்கிறது என்பது என் எண்ணம், ஆனால் முதல் பார்வையில் மனத்தைப் பறிக்கும் உருவம் அதுவன்று. நீல டயலை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். ஒளி ஊடுருவும் அரக்குப் பூச்சு என்பதால் அறைக்குள் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தோன்றி, வெளியே வந்ததும் அடியில் இருக்கும் கதிர்வீச்சுக் கோடுகளோடு நீலம் திறந்துகொள்ளும்.

அரைநொடி

இருவருக்கும் மிக்க நன்றி. வீக்கத்துக்குக் கொக்கியில் வழி இருப்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. கடையில் யாரும் காட்டவில்லை. ராயல் ஓக்கின் 37 மி.மீ. மாடலையும் கட்டிப் பார்த்தேன். அளவு பொருந்துகிறது, ஆனால் என் பெயர் பதிந்திருப்பது 41 மி.மீ. மாடலுக்கு, மாற்றினால் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும்.

எண்கோணம் சொன்னபடி பெசலை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கோட்டின் கூர்மை உண்மையிலேயே அசாத்தியம். அதைப் பார்த்த பிறகு கவலையும் கூடிவிட்டது. மேசையில் உரசி உரசி அந்தக் கூர்மை போய்விட்டால் பிறகு அந்தக் கடிகாரத்தில் மிச்சம் என்ன இருக்கும்? மெருகேற்றினால் பழைய நிலைக்கு வருமா? பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: திருகாணி

இந்தத் தொழிலில் இருப்பதால் எழுதுகிறேன். இரண்டு கடிகாரங்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன, ஆகவே எனக்கு எந்தப் பக்கமும் சாய்வு கிடையாது.

முதலில், எஃகு எஃகுதான். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் கீறும். ஒன்று மென்மையானது மற்றது கடினமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறுபாடு, கீறலை நீக்கப் போகும்போது எதை இழக்கிறோம் என்பதில் இருக்கிறது. மெருகேற்றுவது என்றால் உலோகத்தைச் சீவி எடுப்பது. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பு முழுவதும் இறங்க வேண்டும். வளைந்த பரப்பில் அப்படிச் செய்தால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. தட்டையான பரப்பும் சாய்விளிம்பும் சந்திக்கும் இடத்தில், சுழலும் துணிச்சக்கரத்தை ஒரு கணம் அதிகமாக வைத்தால் கோடு உருண்டுவிடும்; உருண்ட கோட்டை மீண்டும் கூர்மையாக்க இரண்டு பரப்புகளிலிருந்தும் மேலும் உலோகத்தை எடுக்க வேண்டும். ராயல் ஓக் முழுவதும் இத்தகைய கோடுகளால் ஆனது. தேர்ச்சியில்லாதவர் கையில் இரண்டு முறை மெருகேறிய ராயல் ஓக்கை நான் எட்டடி தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவேன்.

ஆறுதலான செய்தியும் உண்டு. அந்தப் பெசலைத் தனியாகக் கழற்ற முடியும். மேலே தெரியும் எட்டு அறுகோணத் தலைகளைத் திருகாணிகள் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அவை திரும்புவதில்லை. எஃகு மாடலில் அவை வெள்ளைத் தங்கத்தால் ஆனவை, அறுகோணக் குழிக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இறுக்குவதும் தளர்த்துவதும் பின்புறத்திலிருந்துதான். அவற்றின் வெட்டுக்கோடுகள் எல்லாம் வட்டத்தோடு ஒழுங்காக அமைந்திருப்பதும் அதனால்தான். மேலிருந்து திருப்பும் திருகாணியாக இருந்தால் அந்த ஒழுங்கு அமையாது. முன்பக்கத்திலிருந்து அவற்றைத் திருகப் பார்த்து வெட்டைச் சிதைத்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெசலைக் கழற்றிவிட்டால் அதைத் தட்டையான தேய்ப்புத் தளத்தில் வைத்து ஒழுங்காகத் திருத்தலாம். பிரேஸ்லெட்தான் சிக்கல். ஒவ்வொரு கண்ணிக்கும் சாய்விளிம்பு இருப்பதால் கையால் செய்யும் வேலை அது, நிறுவனத்தின் பட்டறையில் செய்தாலும் நாளாகும்.

ஆகவே, ராயல் ஓக்கை வாங்கினால் ஒரு முடிவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்: சர்வீஸுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பாலிஷ் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கீறல்களோடு கூர்மை குலையாத ராயல் ஓக், கீறலே இல்லாமல் மழுங்கிய ராயல் ஓக்கைவிட அழகானது. இந்த மனநிலை உங்களுக்கு வருமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். முதல் கீறலுக்கே தூக்கம் கெடும் இயல்புடையவர் என்றால் ஓவர்சீஸே உத்தமம்.

மூவ்மென்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய பெருமை பேசும்போது பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று இருக்கிறது. 1970களில் ராயல் ஓக், நாட்டிலஸ், 222 ஆகிய மூன்றிலும் ஓடியது அடிப்படையில் ஒரே மூவ்மென்ட். ஜேகர்-லெகூல்ட்ர் உருவாக்கிய 920 என்பதை மூவரும் வாங்கித் தத்தம் முறையில் முடித்துக்கொண்டார்கள். ஓடெமார் பிகே அதை 2121 என்றது, பாடெக் 28-255 என்றது, வாஷெரோன் 1121 என்றது. தேதியோடு சேர்த்தே 3.05 மி.மீ. தடிமன்தான். அதை உருவாக்கிய ஜேகர்-லெகூல்ட்ர் தன் பெயரிட்ட கடிகாரம் எதிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது வேடிக்கை. இன்றைய 4302, 5100 இரண்டும் அந்தந்த நிறுவனம் தானே உருவாக்கியவை, மணிக்கு 28,800 முறை அதிர்பவை, அன்றாட உழைப்புக்காகவே சற்றுத் தடிமனாகச் செய்யப்பட்டவை. நம்பகத்தன்மையில் இரண்டுக்கும் நான் வேறுபாடு காணவில்லை. வேலைப்பாட்டில் 5100 ஒரு படி மேல். ஆனால் அதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், அணிபவர் கண்ணுக்கு எட்டுவது குறைவு. ராயல் ஓக்கில் செலவழித்த உழைப்பின் பெரும்பகுதி வெளியே இருக்கிறது, ஓவர்சீஸில் கணிசமான பகுதி உள்ளே இருக்கிறது என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு.

நீச்சலுக்கு வருவோம். 50 மீட்டர் என்பது நீங்கள் இறங்கக்கூடிய ஆழம் அன்று. அசையாத நீரில் அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கியது என்பதற்கான அளவு. கிரவுன் (பக்கவாட்டில் உள்ள சாவிக் குமிழ்) முழுவதும் திருகி மூடப்பட்டிருந்து, ரப்பர் வளையங்கள் நல்ல நிலையில் இருந்தால் 50 மீட்டர் கடிகாரத்துடன் குளத்தில் நீந்தலாம். பிரச்சினை எண்ணில் இல்லை, அந்த வளையங்களின் வயதில் இருக்கிறது. வெந்நீர், சோப்பு, குளோரின் ஆகியவை ரப்பரைக் கெடுக்கும்; நீராவிக் குளியலுக்கு எந்தக் கடிகாரத்தையும் கொண்டுபோகாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்து, குளத்திலிருந்து வந்ததும் நல்ல நீரில் அலசினால் ராயல் ஓக் தாராளமாக உழைக்கும். ஓவர்சீஸின் 150 மீட்டர் உங்களுக்குக் கூடுதல் இடைவெளியைத் தருகிறது, அவ்வளவே. அந்த இடைவெளி, சோதனை செய்ய மறந்துவிடும் ஆண்டில் உதவும்.

காந்தத்தைப் பற்றிக் காற்றுத்திசை ஒரு வரியில் கடந்துவிட்டார், ஆனால் நாள் முழுவதும் மடிக்கணினியோடு இருப்பவருக்கு அது முக்கியம். மடிக்கணினியின் ஒலிபெருக்கி, கைபேசி உறையிலும் மின்னேற்றியிலும் இருக்கும் காந்தம், டேப்லெட் மூடி ஆகியவற்றின் மேல் கடிகாரத்தைக் கழற்றி வைக்காதீர்கள். ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருள்வில்லான மயிர்ச்சுருள் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடிகாரம் ஒரு நாளில் பல நிமிடங்கள் முன்னால் ஓடும். பழுது என்று அலறிக்கொண்டு வருவார்கள். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வைத்து எடுத்தால் சரியாகிவிடும். மென்னிரும்பு வளையம் இதைக் குறைக்குமே தவிர, முழுவதும் தடுக்காது.

மறுமொழி: இரண்டாம் கை

மறுவிற்பனை பற்றி அக்கறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் சந்தை விலை விற்பவருக்கு மட்டும் உரிய விஷயமன்று. 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் ராயல் ஓக்கின் வெளிச்சந்தை விலை கண்மண் தெரியாமல் ஏறி, பிறகு இறங்கியது. இறங்கிய பிறகும் பட்டியல் விலைக்கு மேல் அது நிற்பதும், ஓவர்சீஸ் பொதுவாக அதைவிடக் கீழே நிற்பதும் ஊரறிந்த செய்தி. அதன் விளைவாக ராயல் ஓக்கைத் தெருவில் அடையாளம் தெரிந்துகொள்பவர்கள் மிகுதி. அவர்களில் எல்லோரும் கடிகார ரசிகர்கள் அல்லர். காப்பீட்டுத் தொகையும் வெளிச்சந்தை விலையை ஒட்டித்தான் அமைய வேண்டும், ரசீதில் உள்ள தொகைக்கு மட்டும் காப்பீடு செய்தால் களவு போன பிறகு அதே கடிகாரத்தை அந்தத் தொகையில் வாங்க முடியாது. பயணத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போகும் கடிகாரம், உங்கள் நோக்கமான ஒரே கடிகாரம் ஆக முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓவர்சீஸைப் பத்துப் பேர் பார்த்தால் ஒருவர் அறிவார். சிலருக்கு அது குறை. எனக்கு அதுவே அதன் முதல் தகுதி.

மறுமொழி: எண்கோணம்

தெருவில் யார் பார்க்கிறார்கள் என்பதற்காகக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பது, பார்க்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுப்பதன் மறுபக்கமே. இரண்டிலும் தீர்ப்பு பிறர் கையில் போய்விடுகிறது. ஆனால் திருகாணி ஐயா சொன்ன பாலிஷ் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் கடிகாரத்தின் கொக்கி முழுவதும் கீறல்கள்தாம், மெருகேற்ற விட்டதில்லை. கீறலைத் தாங்க முடியாதவர்களுக்கு நானே இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அரைநொடி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. திருகாணி ஐயா எழுதியதைப் படித்த பிறகு கேள்வி எளிதாகிவிட்டது. முதல் கீறலுக்குத் தூக்கம் கெடும் இயல்பு எனக்கு உண்டு என்பதை என் மனைவி தயங்காமல் உறுதிப்படுத்தினார். ராயல் ஓக்கை வாங்கினால் அதைக் காப்பாற்றுவதற்காகவே மேசையில் கழற்றி வைப்பேன், குளத்துக்கு எடுத்துப் போக மாட்டேன், பயணத்தில் வீட்டில் விட்டுவிடுவேன். அந்தப் பெசலின் மேல் உள்ள ஆசை குறையவில்லை. வேறொருவர் கையில் பார்த்து மகிழ்ந்துகொள்கிறேன். ஓவர்சீஸை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன், ராயல் ஓக் வரிசையிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லியும் எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒரு சிறு ஐயம். பட்டையை அடிக்கடி மாற்றினால் அந்த நெம்புப் பூட்டு தேய்ந்துவிடாதா? நீந்தும்போது கழன்று விழுந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கிறது.

மறுமொழி: திருகாணி

சரியாகப் பூட்டியிருந்தால் கழலாது. மாற்றியதும் பட்டையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்; ‘டக்’ என்ற ஒலியை மட்டும் நம்ப வேண்டாம். பூட்டுக்குள் வியர்வையும் தோல் அழுக்கும் சேர்ந்து இறுகுவதுதான் நான் பார்க்கும் கோளாறு, தேய்மானம் அன்று. மாதம் ஒரு முறை பட்டையைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல்துலக்கியால் அந்த இடத்தைத் தேய்த்து, நன்றாக உலர்த்திவிட்டுப் பூட்டுங்கள். தோல் பட்டையை நீரில் நனைக்காதீர்கள். பிரேஸ்லெட்டை அளவு குறைக்கும்போது எடுக்கும் கண்ணிகளைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். மகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அளவு மாற்ற அவருக்கோ அவருக்குப் பின்வருபவருக்கோ அவை தேவைப்படும்.